வாசலில் நின்ற வண்டி

ஜன. 19, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தை மாதத்தில் இப்படி ஒரு மழையா என்று ஆளாளுக்கு வானத்தைத் திட்டுகிறார்கள். அறுப்புக்கு நிற்கிற நெல் சாய்ந்துவிடுமாம். எனக்கு மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஞாபகம். அங்கே சாயங்காலமானால் தினமும் இதே கூத்து, யாரும் கண்டுகொள்வதில்லை.

முடிவெட்டு நாள். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் லூர்து, நான் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "நீங்க முடி வெட்டுவீங்களாமே புஷ்பா?" வெட்டுவேனா! கிள்ளானில் பிழைப்பே அதுதானே. எங்கள் கோயில் மாதர் குழு வருஷா வருஷம் இந்த இல்லத்துக்குத் துணிமணி அனுப்பும். இந்த முறை துணியோடு நானும் வந்துவிட்டேன். கடை மருமகள் பொறுப்பில். வீட்டுக்காரர் அவர் பொறுப்பிலேயே.

இங்கே கடைத்தெரு சலூன்காரர் நல்லவர்தான். எச்.ஐ.வி. பிள்ளைகள் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம். "கடை மூடுற நேரமாக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர்" என்பாராம். தனிக் கத்தி, தனித் துண்டு. போன பிறகு நாற்காலிக்கு டெட்டால் குளியல். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில், இனி ஒரு பிள்ளையும் அந்தப் படி ஏறாது என்று சொல்லிவிட்டேன். அதனால் ஞாயிறு முழுக்க என் இடுப்பு போகிறது.

பையன்கள் எல்லோருக்கும் ஒரே கிரிக்கெட்காரன் மாதிரி வேண்டுமாம். வெட்டி முடித்ததும் "சூப்பர் லா!" என்று என்னையே கிண்டல். நான் பேசும் ஒவ்வொரு 'லா'வையும் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பி அடிக்கிறார்கள், வால்கள்.

தாரணிக்கு நுனி மட்டும். பத்து வயது, அடர்த்தியான முடி. ஒதுக்கிப் பார்த்தால் காது மூளி. "என்னம்மா, காதே குத்தலையா? எங்கிட்ட மெஷின் இருக்கு. ஒரு செகண்ட்தான், எறும்பு கடிச்ச மாதிரி" என்றேன்.

"வேணாம் ஆன்ட்டி. மாமா மடியில உக்காந்துதான் குத்திக்கணும். அம்மா சொல்லிருக்கு."

"மாமா எங்கே?"

"குத்தாலத்துக்கிட்ட. வருவாங்க."

அப்புறம் நனைந்த தரையில் ஓடி வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். நான் துண்டோடு ஓடினால் பின்னால் நகர்கிறாள். "கிட்ட வராதீங்க ஆன்ட்டி. கிளவ்ஸ் போட்டுட்டு வாங்க." தானே பஞ்சை வைத்து அழுத்தி, தானே கொண்டுபோய்ச் சிவப்பு வாளியில் போட்டு, கை கழுவிவிட்டு வந்து நின்றாள். அழவில்லை.

ஜன. 20, திங்கள்

மழை விட்டது. கொசு வந்தது.

வாங்க: சீயக்காய், ரப்பர் பேண்ட், பேன் சீப்பு (முதல் சீப்பை யாரோ ஒளித்துவிட்டார்கள், யார் என்று தெரியும்), எனக்கு முட்டி வலித் தைலம்.

தாரணி மாமாவைப் பற்றி சிஸ்டரிடம் கேட்டேன். பெயர் செல்வராசு. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். தாரணியின் அப்பா முதலில் போய், அம்மாவும் போனபோது கூடவே இருந்து எல்லாம் செய்தவர். பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டதும் அவர்தான். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி ஒரு துணிப் பை வரும். அதையும் மெயின் ரோட்டு டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வருவதில்லை.

"அவளுக்குத் தெரியுமா, டீக்கடை வரைக்கும் வர்றது?"

"தெரியாது. தெரிய வேணாம்." சிஸ்டர் துணி மடித்துக்கொண்டே சொன்னார். "விட்டுடுங்க புஷ்பா."

விடுவதா? நல்ல கதை. நம்பர் வாங்கி மத்தியானமே போட்டேன். மரியாதையான குரல். "அறுப்பு நேரம்மா. மழை வேற பாடாப் படுத்துது. முடியட்டும், பார்க்கலாம்மா." பார்க்கலாம் என்றாரே, போதும். நேரில் போய்ப் பேசினால் ஆள் அசையாமலா இருப்பார்?

வீட்டுக்காரர் போன் பண்ணினார், கிள்ளானிலிருந்து. மிளகாய்ச் சம்பல் பாட்டில் எங்கேயாம். ஃபிரிட்ஜில், அவர் கண்ணுக்கு நேரே.

ஜன. 22, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

குத்தாலம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் அரிசி மூட்டை தருகிறார்கள் என்று டிரைவர் சேவியர் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். மாமா வீட்டுக்குப் பழம், பிஸ்கட், மாமாவுக்கு ஒரு மகளாம், அவளுக்குக் கிள்ளானிலிருந்து கொண்டுவந்த கிளிப் செட். சாலை நெடுக ஒரு ஓரம் முழுக்க நெல் காய்கிறது. ஆடுதுறை தாண்டியதும் அறுப்பு மெஷின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம்.

ஊர் முனையில் சேவியர் வண்டியை ஓரம் கட்டினார். "அக்கா, இங்கயே போட்டுடறேன். நீங்க நடந்து போயிட்டு வந்துடுங்க."

தெரு முழுக்கச் சேறு. எனக்கு முட்டி வலி. கையில் இரண்டு பை. "ஏன், வண்டி போகாதா? வாசல்லயே விடுங்க லா" என்றேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "போங்க சேவியர், நேரமாகுது" என்று நானே முடித்துவிட்டேன். எப்போதும் அடுத்தவர் சொல்லி முடிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன். அவர் பேசாமல் கியரைப் போட்டார்.

வண்டியின் இரண்டு பக்கமும் இல்லத்தின் பெயர், ஆள் உயர எழுத்தில். கும்பகோணத்திலிருந்து மாயவரம் வரைக்கும் அந்தப் பெயர் எந்த இல்லம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தினம் அந்த வண்டியில்தானே மார்க்கெட் போகிறேன்.

செல்வராசு வீட்டு வாசலில் நின்றது. எதிர்வீட்டு அம்மா முறத்தோடு வெளியே வந்து பக்கவாட்டு எழுத்தை வாய்விட்டே படித்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ, இங்க வந்து பாரேன், கலா வீட்டுக்கு யாரு வந்திருக்கான்னு" என்றார். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர். அப்புறம் நான் எண்ணவில்லை.

கலா, செல்வராசுவின் மனைவி. நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். நான் சிரித்தபடி, "தாரணி விஷயமா வந்தேன்..." என்று ஆரம்பித்தேன்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"இல்லம்மா, சும்மா ஒரு..."

"எங்க பொண்ணுக்குப் பேசிட்டு இருக்கோம். பக்கத்துத் தெருதான் மாப்பிள்ளை வீடு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், மொதல்ல அந்த வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வரும். போஸ்ட்மேனுக்கும் வரும். எனக்கு வரவில்லை. கொண்டுபோன பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஆடுதுறையில் சேவியர் மெதுவாக, "நம்ம வண்டி யாரு வீட்டு வாசல்லயும் நிக்காதுக்கா" என்றார். கடவுளே.

ஜன. 23, வியாழன்

செல்வராசு சிஸ்டருக்குப் போன் செய்தார். சிஸ்டர் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்திருந்தார், எனக்கே கேட்டது.

"தங்கச்சி மஞ்சக்காமாலைல செத்துப் போச்சு, புள்ள தஞ்சாவூர் ஹாஸ்டல்ல படிக்குதுன்னு சொல்லி மூடி வெச்சிருந்தேன் சிஸ்டர். ஊரைக் கூட்டிப் படிச்சுக் காட்டிட்டுப் போயிருக்கீங்க. அந்த மலேசியாக்காரம்மாவுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். எங்க பழக்கம் இது. எங்களுக்குள்ளயே இருந்து இருந்து, புதுசா வர்றவங்களுக்குச் சொல்லணும்னு தோணாமப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

பழக்கமாம். சேவியர் சொல்ல வந்தாரே, நான்தானே வாயை மூடினேன்? வெட்கமாக இருக்கிறது. நாளைக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட வந்தது. ச்சீ, குழப்பியது நான், கூட்டிப் பெருக்க வேறு ஆளா?

சாயங்காலம் தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா வீட்டுக்குப் போனீங்களாமே ஆன்ட்டி! மாமா என்ன சொன்னாங்க?"

"மாமாவைப் பார்க்க முடியலை. அறுப்பு நேரமாம்."

"ஆமா, அறுப்பு இருக்கும். முடிஞ்சா வருவாங்க." அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

ஜன. 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். தேசிய கீதத்தில் ஒருத்தன் கடைசி வரியைத் தனியாக இன்னொரு முறை பாடினான், கைத்தட்டல்.

பேன் சீப்பு கிடைத்தது, நான் சந்தேகப்பட்டவனிடம் இல்லை. மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல லா" என்றான்.

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன், மறுபடியும் போகப் போகிறேன் என்று. வண்டியில் இல்லை, பஸ்ஸில். வீட்டுக்கு இல்லை. செல்வராசு நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு அங்கேயே காவல் கிடக்கிறாராம். அங்கே.

"போயி என்ன சொல்வீங்க?"

"மன்னிப்பு கேட்பேன். அப்புறம் காது குத்துறதைப் பத்தியும் கேட்பேன்."

"ரெண்டாவதை இப்ப கேக்காதீங்க."

"ரெண்டாவதுக்குத்தான் சிஸ்டர் போறதே."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் பாவம்" என்றார்.

ஜன. 28, செவ்வாய்

காலை 7 பஸ். உட்கார இடமில்லை. குத்தாலத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. வானம் மூட்டம்.

கொள்முதல் நிலையம் என்றால் ஏதோ கட்டடம் என்று நினைத்தேன். ஒரு களம், ஒரு ஷெட், சுற்றிலும் குவியல் குவியலாக நெல். ஈரம் கூடுதல், காயவை என்று திருப்பிவிடுகிறார்களாம். காயவைத்தால் தூறுகிறது. ஆட்கள் அவரவர் குவியல் பக்கத்தில் பாய் போட்டுக் கிடக்கிறார்கள். செல்வராசுவை விசாரித்தேன். கடைசிக் குவியலைக் காட்டினார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க அவர் பாய் மட்டும் தள்ளி இருந்தது.

மெலிந்த ஆள். தாரணியின் அதே நெற்றி. நான் யார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிப்பு கேட்க வந்தேன். வண்டியை வாசல்ல விடச் சொன்னது நான்தான். டிரைவர் வேணாம்னுதான் சொன்னார். என் தப்பு."

நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தார். நான் நின்றேன். உட்காரச் சொல்லாவிட்டாலும் நிற்க எனக்குத் தெரியும். சலூன்காரி.

"சம்மந்தம் பேசுனவங்க போனை எடுக்கலம்மா" என்றார் கடைசியில். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "எம்பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு, சொல்லுங்க."

தாரணி ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள், டெஸ்டில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, அவளால் யாருக்கும் ஒன்றும் வராது என்று டாக்டர் சொன்னதை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்மா. எந்தங்கச்சிய ஆஸ்பத்திரில தூக்கிக் குளிப்பாட்டுனது நான்தான். எனக்கு நோயப் பத்திப் பயம் இல்ல. ஊரைப் பத்திதான்."

அப்போது டீக்காரர் வந்தார். கூடையில் கண்ணாடிக் கிளாஸ்கள், தூக்கில் டீ. அந்தக் கூட்டத்துக்கெல்லாம் கிளாஸில் ஊற்றினார். எங்களிடம் வந்து, இடுப்பிலிருந்து இரண்டு பேப்பர் கப்பை உருவி ஊற்றிக் கீழே வைத்தார். கையில் தரவில்லை. போய்விட்டார்.

செல்வராசு கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

"போன வாரம் வரைக்கும் எனக்கும் கிளாஸ்லதான்" என்றார்.

நானாகச் சொன்னேனா, வாய் சொன்னதா தெரியவில்லை: "அவளுக்குப் பிறந்ததுல இருந்தே பேப்பர் கப்புதான்யா."

நிமிர்ந்து பார்த்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் சடசடவென்று மழை. களமே எழுந்து ஓடியது. தார்ப்பாயை அவர் ஒரு முனை பிடித்தார், மறுமுனை பிடிக்க ஆளில்லை. யாரும் வரவில்லை. நான் பிடித்தேன். முட்டி வலியாவது ஒன்றாவது. மூடி, ஓரத்தில் கல் வைத்து, இருவரும் தெப்பலாக நனைந்து ஷெட்டுக்குள் போனால் அங்கேயும் எங்களுக்கு இடம் தாராளமாக ஒதுங்கியது.

காது குத்துவது அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு என்றேன். அதற்கப்புறம் எனக்குப் பிளேன். அவள் மாமா மடிதான் வேண்டும் என்கிறாள், அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனதாம் என்றேன். நம்பரைக் கொடுத்தேன். போனில் பதிந்துகொண்டார்.

"போங்கம்மா. பஸ் போயிடும்" என்றார். அவ்வளவுதான். சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை.

ஜன. 31, வெள்ளி

தும்மல். ஜலதோஷம். சமையல் அக்காவின் மிளகு ரசம் மூன்று டம்ளர்.

பத்தரைப் பார்க்கப் போனேன். இங்கெல்லாம் காது குத்துவது நகை செய்யும் பத்தர்தான். வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். எந்த இல்லம் என்று சொன்னதும், "நாள் பூரா குத்துற ஊசிம்மா, நாலு பேருக்குத் தெரிஞ்சா தொழில் போயிடும்" என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசிதானே வைக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே ஊசியா என்று கேட்டேன். என் பேத்தியை அவரிடம் கொண்டுபோக மாட்டேன்.

ஆக என் மெஷின்தான். டாக்டரிடம் கேட்டாயிற்று: புது ஊசிக் கம்மல், கிளவ்ஸ், தாராளமாகச் செய்யலாம்.

தாரணியிடம் பேசினேன். "மெஷின்தான். ஆனா மடி வேணும்னா சிஸ்டர் மடி இருக்கு, சேவியர் அண்ணன் மடி இருக்கு, என் மடி இருக்கு."

"மாமா மடி."

"மாமா வரலைன்னா?"

"குத்திக்க மாட்டேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

"வர்ற வரைக்கும்."

"பொம்பளப் புள்ள காது குத்தாம கல்யாணத்துக்கு நிப்பியா?"

"நீங்க ஏன் ஆன்ட்டி இவ்ளோ அவசரப்படுறீங்க?" என்றாள். சரியான கேள்வி. எனக்குப் பிடிவாதக்காரிகளைப் பிடிக்கும், ஆனால் வீட்டில் ஒருத்தி போதும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இவளைக் காட்ட வேண்டும் அவருக்கு.

பிப். 5, புதன்

வெயில். நாலு நாளாக நல்ல வெயில், நெல் காய்ந்திருக்கும்.

செல்வராசுவிடமிருந்து ஒன்றும் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். மருமகள் ஹேர் டை எந்த கம்பெனி என்று கேட்டாள், வீட்டுக்காரர் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டார், உலகத்தில் எல்லோரும் கேட்கிறார்கள்.

மத்தியானம் தெரியாத நம்பர். சின்னப் பெண் குரல்.

"மலேசியா ஆன்ட்டிங்களா? நான் சங்கீதா. செல்வராசு பொண்ணு. அப்பா போன்ல நம்பர் இருந்துச்சு."

எழுந்து நின்றுவிட்டேன். "சொல்லும்மா."

"தாரணிக்கு என்ன கலர் புடிக்கும்?"

மயில் கழுத்துக் கலர் என்றேன். பாவாடை சட்டையா, ஃபிராக்கா? பாவாடை. உயரம் என்ன? சொன்னேன்.

"சங்கீதா, உன் விஷயம் என்னாச்சும்மா?"

"அது முடிஞ்சு போச்சு. வேணாம்னு சொல்லிவிட்டுட்டாங்க." அதே மூச்சில், "எனக்கு ஒங்க மேல கோவம் இருக்கு ஆன்ட்டி."

"இருக்கட்டும்மா. இருக்க வேண்டியதுதான்."

"அவரை எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா ஒரு வண்டியப் பாத்துட்டு ஓடுறவர்னு இப்பவே தெரிஞ்சுது. அம்மாதான் அழுதுகிட்டே இருக்காங்க. அத்தை இருந்தப்ப என்னை இடுப்புலயே வெச்சிருப்பாங்க. அவங்க புள்ளயப் பாக்க நானும் போகலைல்ல..." மூக்கை உறிஞ்சினாள். "அப்பா ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. வருவேன்னும் சொல்லல. ஆனா பட்டுக்கரை வேட்டியத் துவைச்சுப் போடச் சொன்னாங்க."

தாரணியிடம் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை ஏமாற்ற இன்னொரு தடவை என்னால் ஆகாது.

சங்கீதாவுக்கு நான் செய்தது தீராது. அவள் நல்ல பெண் என்பதால் என் தப்பு சின்னதாகிவிடாது. எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

பிப். 8, சனி

வேலை: மெஷினைத் துடைத்தது. ஸ்பிரிட், பஞ்சு, கிளவ்ஸ், பேனா (புள்ளி வைக்க). நாளைக்குக் காப்பரிசி. பச்சரிசி, வெல்லம், பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, எள். காது குத்தென்றால் அது இல்லாமல் கூடாதாம். சமையல் அக்கா காலையிலேயே அரிசியை ஊறவைத்துவிட்டார், மாமா வருகிறாரோ இல்லையோ பிள்ளைகள் தின்னட்டும் என்று.

தாரணி வாசலுக்கும் உள்ளுக்குமாக. கேட்டால், "சும்மா."

விளக்கு வைக்கும் நேரம். சிஸ்டர் போன் அடித்தது. பெயரைப் பார்த்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சிஸ்டர், செல்வராசு. நெல்லு போட்டாச்சு. காலைல வண்டிய அனுப்புங்க."

"எந்த வண்டிங்க?"

"அன்னைக்கு வந்துச்சே. பேரு எழுதுன வண்டி. தாய்மாமன் சீர், தட்டு நெறய இருக்கு, பஸ்ல கொண்டாந்தா சரியா வராது."

சிஸ்டரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிஸ்டர் மெதுவாகக் கேட்டார், "ஊர் முனைல, மெயின் ரோட்ல நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

"எதுக்கு? வாசல்லயே நிக்கட்டும்" என்றார். "படிக்கிறவங்க படிக்கட்டும்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேவியர் வெளியே போய், இந்த நேரத்தில், வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

பிப். 9, ஞாயிறு

நல்ல வெயில், நல்ல காற்று. நான் சேலை கட்டினேன். பையன்கள், "ஆன்ட்டி, கல்யாணமா லா?"

சேவியர் விடிந்ததும் போனவர் பத்தரை மணிக்குத் திரும்பினார். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக என்னிடம், "அக்கா, கலாம்மா வரலை. ஆனா இன்னைக்குத் தண்ணி குடுத்தாங்க. செம்பு நெறய!" அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"தெருவுல?"

"எல்லாரும் வெளில வந்து நின்னாங்க. இவரு ஒவ்வொரு தட்டா, நிதானமா, ஒண்ணொண்ணா ஏத்துனாரு பாருங்க. வேணும்னே. எதுத்த வீட்டம்மா ஒரு தட்டு புடிச்சுக் குடுத்துச்சுக்கா. எதுக்குன்னு அதுக்கே தெரியாது."

பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. முன் சீட்டிலிருந்து செல்வராசு இறங்கினார். பின்னால் சங்கீதா, கையில் மயில் கழுத்துக் கலர் பாவாடை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அது போதும்.

தாரணி ஓடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்தான் கிட்டே போனார். "இம்புட்டு வளந்துட்டியா!" என்றார்.

"அறுப்பு முடிஞ்சுதா மாமா?"

"முடிஞ்சுதுடா. முடிஞ்சுது."

தட்டுகள் வரிசையாக. பழம், பூ, வளையல், துணி, வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன டப்பாவில் தங்கத் தோடு, புண் ஆறியதும் போட. பாய் விரித்து, அவர் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாரணி மடியில். பத்து வயதுக் கால் மடியைத் தாண்டிப் பாயைத் தாண்டித் தரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், அவளும். ஆளுக்கொரு கைக் காப்பரிசி.

புள்ளி வைத்தேன். இரண்டு பக்கமும் சரியா என்று தள்ளி நின்று பார்த்தேன். கிள்ளானில் எத்தனை காது குத்தியிருப்பேன், புள்ளியை இரண்டாம் தடவை பார்த்ததே இல்லை. இன்று மூன்று தடவை பார்த்தேன். "எறும்புதான்" என்றேன். வலது காது. அழுத்தும் நேரம் பார்த்து ஒருத்தன் பின்னால் தட்டைக் கீழே போட, சத்தத்துக்கு அவள் தலையை வெடுக்கென்று திருப்பிவிட்டாள்.

கம்மல் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ரத்தம். ஒரு முத்து திரண்டு, நான் பஞ்சை எடுப்பதற்குள் நேரே அவர் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

எல்லோரும் அதையே பார்த்தோம். சங்கீதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தாரணி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் துள்ளி எழப் போனாள்.

"ரத்தம் மாமா! நான் எந்திரிச்சுக்கறேன். தொடாதீங்க. கிளவ்ஸ் போட்டவங்கதான் தொடணும். நான் அங்க போயி..."

அவர் இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்து மடியில் அழுத்தி உட்காரவைத்தார். வேட்டியை ஒதுக்கக்கூட இல்லை.

"உக்காரு. இன்னொரு காதை யாரு மடியில உக்காந்து குத்திக்கப் போற?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்க குத்துங்கம்மா."

குத்தினேன்.